எலியில் சோதிச்சதுன்னு அட்டையில் போட்டிருக்கு, பீனிச மாத்திரை வாங்கலாமா?

2025 ஜனவரி 5, இரவு 8.50 (கேள்வி)

வேலந்தாவளத்திலிருந்து எழுதுறேனுங்க. அம்மாவுக்கு 61 வயசு. ஆறேழு வருஷமா மூக்கடைப்பு, நெற்றி கனம். மார்கழி பிறந்து காத்து வீச ஆரம்பிச்சா இன்னும் மோசம். ரசம் தாளிக்கிற வாசனையே தெரியலைங்கறாங்க. சந்தையில் ஒருத்தர் பீனிசத்துக்குன்னு, அதாவது சைனஸுக்குன்னு, மூலிகை மாத்திரை விக்கிறார், 60 மாத்திரை 780 ரூபாய். அட்டையில் "ஆய்வக விலங்குகளில் சோதித்து வீக்கம் தணிக்கும் திறன் நிரூபிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்கு. விலங்குல சோதிச்சதுன்னா நம்பலாமா? சைனஸ் வந்த எலின்னு ஒண்ணு உண்டா?

2025 ஜனவரி 5, இரவு 10.35

அண்ணா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: விலங்கின் எந்த உறுப்பில் சோதிச்சாங்க? மூக்கிலா, காலிலா?

காலில்தான் இருக்கும் என்பது என் ஊகம். நான் எம்.பார்ம். பார்மகாலஜி படிச்சவள். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்குக் கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை. நாளைக்கு விரிவாக எழுதுறேன்.

2025 ஜனவரி 6, காலை 6.20

கடை திறக்க நேரம் இருக்கு, எழுதிடுறேன்.

"வீக்கம் தணிக்கும், விலங்குகளில் நிரூபிக்கப்பட்டது" என்று எந்த மூலிகை அட்டையில் பார்த்தாலும் பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது காராஜினன் சோதனை. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் காராஜினன். ஐஸ்கிரீமை கெட்டிப்படுத்தவும் அதைத்தான் சேர்ப்பாங்க. 1962-ல் வின்டர், ரிஸ்லி, நஸ் என்ற மூவர் இந்தச் சோதனையை வெளியிட்டாங்க. 60 வருஷம் தாண்டியும் பார்மசி கல்லூரிகளில் வீக்கம் என்றால் முதலில் கை போவது இதற்குத்தான், ஏன்னா மலிவு, ஒரே நாளில் முடியும்.

செய்முறை இதுதான். 150 முதல் 200 கிராம் எடையுள்ள விஸ்டார் இனத்து எலி, ஆய்வகத்தில் வளர்க்கிற வெள்ளெலி. முந்தின ராத்திரி தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். காலையில் மருந்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவோம். ஒரு மணி நேரம் கழித்து, பின்னங்கால் உள்ளங்காலில் 1 சதவீதக் காராஜினன் கரைசல் 0.1 மில்லி ஊசி. அப்புறம் மணிக்கு ஒருதரம், கணுக்காலில் மார்க்கர் கோடு போட்ட இடம் வரைக்கும் பாதத்தை ஒரு நீர்க்குழாயில் முக்கி, எவ்வளவு நீர் ஏறுது என்று அளப்போம். மூணாவது, நாலாவது மணியில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். இண்டோமெதசின் என்ற வீக்க மருந்து கொடுத்த எலிகளோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் குறைந்தது என்று அட்டவணை போடுவோம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. மருந்தை முதலில் கொடுத்துட்டுத்தான் வீக்கத்தை உண்டாக்குறோம். உங்க அம்மாவுக்கு வீக்கம் வந்து ஏழு வருஷம் ஆச்சு.

2025 ஜனவரி 6, பிற்பகல் 2.15

மதியம் கூட்டம் இல்லை. காலையில் விட்டதைச் சொல்றேன்.

காராஜினன் வீக்கம் சில மணி நேரத்து விவகாரம். வீக்கத்தை உண்டாக்க உடம்பே சுரக்கிற ரசாயனங்கள் வரிசையாக வரும்: முதலில் ஹிஸ்டமின், செரடோனின், பிறகு புரோஸ்டாகிளாண்டின். ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசு வந்தது. அந்தக் குடும்பத்து மருந்தைப் பிடிக்க எலிப்பாதம் நல்ல வலை, அதை மறுக்கலை.

நாள்பட்ட சைனஸ் அழற்சி என்பது வேறு சங்கதி. 12 வாரத்துக்கு மேல் மூக்கடைப்போ ஒழுக்கோ இருக்கணும், கூடவே முகத்தில் கனம் அல்லது மணம் தெரியாமை. அப்படி இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பேரை வைக்கிறாங்க. உள்ளே சவ்வு தடித்திருக்கும், சளிச்சுரப்பிச் செல்கள் பெருகியிருக்கும், பலருக்கு ஈஸினோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும், சிலருக்குத் தோல் உரித்த திராட்சை மாதிரி சதை தொங்கும். புரோஸ்டாகிளாண்டினை மட்டும் அடைத்தால் இதெல்லாம் கரையாது. அதனால்தான் அந்தக் குடும்பத்து வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் தலைவலியைக் குறைக்கும், ஆனா மூக்கைத் திறக்காது.

2025 ஜனவரி 6, இரவு 9.05

"அப்ப சைனஸ் வந்த எலி உண்டா இல்லையா?" அண்ணாவின் கேள்வியில் பாதியை அப்படியே விட்டுட்டேன்.

உண்டு. ஆனா எலியைவிட முயலில்தான் அதிகம் செஞ்சிருக்காங்க. முயலின் கன்ன சைனஸ் கைக்கு எட்டும் அளவுக்குப் பெரிசு. மயக்கம் கொடுத்து, சைனஸின் இயற்கைத் துளையை அடைத்து, உள்ளே நிமோகாக்கஸ் கிருமியை வைப்பாங்க. சில நாளில் சீழ் பிடிக்கும். அப்புறம் மருந்து கொடுத்து, சவ்வை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க.

சுண்டெலியில் இன்னொரு வழி. முட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமினைப் படிகாரத்தோடு வயிற்றில் ஊசி போட்டு ஒவ்வாமையைப் பழக்கிவிட்டு, பிறகு அதையே வாரக்கணக்கில் மூக்கில் சொட்டுவாங்க. கூடவே ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சையும் சேர்த்தால் சதை வளர்ச்சி மாதிரியே வரும். சொட்டின பத்து இருபது நிமிஷத்துக்குள் எத்தனை தும்மல், எத்தனை தரம் மூக்கைத் தேய்க்குது என்று ஒருத்தர் உட்கார்ந்து எண்ணணும். நான் எண்ணியிருக்கேன். மின்விசிறியை நிறுத்திட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. சுண்டெலியின் தும்மல் நம்ம தீக்குச்சி உரசுற சத்தத்தைவிடச் சின்னது.

வெள்ளெலிக்கு சைனஸே கிடையாது, அதனால்தான் சுண்டெலிக்கும் முயலுக்கும் போறாங்க.

2025 ஜனவரி 7, காலை 7.00

நேத்து கடைசி வரி தவறு. வெள்ளெலிக்கும் கன்னப் பக்கத்தில் ஒரு குழிவு உண்டு, மூக்கோடு அகலமாகத் திறந்த மாதிரி. நமக்குள்ள கன்னம், நெற்றி, கண்களுக்கு இடை, மூக்கின் ஆழம் என்ற நாலு ஜோடி அமைப்புதான் அதுக்குக் கிடையாது. பொள்ளாச்சி தம்பி சுட்டிக்காட்டினது சரி.

அதோடு சேர்த்து: வெள்ளெலி மூக்கின் உள்பரப்பில் ஏறக்குறைய பாதி மோப்பத் தோல். நமக்கு அது மேல்கூரையில் சில சதுர சென்டிமீட்டர்தான். எலி மூக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டைக்கோஸை வெட்டின மாதிரி சுருள் சுருளாக இருக்கும். நம்முடையது பக்கத்துக்கு மூணு மடிப்பு. நம் கன்ன சைனஸின் வாசல் மேலே இருக்கு, நாம் நிமிர்ந்து நடக்கிறோம். கிணத்துத் தண்ணியை மேலே இறைக்கிற மாதிரி, சவ்வின் நுண்மயிர்கள் சளியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோகணும். தலையை முன்னால் நீட்டி நாலு காலில் நடக்கிற பிராணிக்கு அந்தக் கஷ்டம் அப்படியே வராது.

2025 ஜனவரி 7, இரவு 10.50

எருத்தேம்பதி அக்கா கேட்டிருக்காங்க: "சைனஸ் வந்தா எலிக்கு யாருங்க கர்ச்சீப் குடுக்கிறது?"

அக்கா சிரிப்பாகக் கேட்டாங்க, எனக்கு அது ஒரு பழைய விஷயத்தைக் கிளறிடுச்சு. முயலுக்குக் கர்ச்சீப் அதன் முன்னங்கால்தான். மூக்கு ஒழுகுற முயல் முன்னங்காலின் உள்பக்கத்தால் துடைச்சுக்கிட்டே இருக்கும். அந்த மயிர் ஒட்டி, சடை பிடிச்சு, காய்ஞ்ச கஞ்சி பட்ட துணி மாதிரி விறைச்சு நிக்கும். மூக்கைப் பார்க்கும்போது முயல் ஏமாத்திடும், சுத்தமாக நக்கி வெச்சிருக்கும். காலைத் திருப்பிப் பார்த்தால் தெரிஞ்சிடும்.

எங்க கூடத்தில் என் சீனியர் ஒருத்தர் சைனஸ் ஆய்வுக்காகப் பன்னிரண்டு நியூசிலாந்து வெள்ளை முயல் வாங்கினார். வந்த மூணாம் நாள் எடை போடும்போது நாலு முயலின் முன்னங்கால் சடை பிடிச்சிருந்தது. பாஸ்டுரெல்லா கிருமி. முயல் பண்ணைகளில் சர்வசாதாரணம். அதாவது, நாம் நோயை உண்டாக்குறதுக்கு முன்னாடியே அவற்றின் மூக்கில் நோய் இருக்கு. மருந்து கொடுக்காத குழுவிலும் சீழ், மருந்து கொடுத்த குழுவிலும் சீழ் என்றால் எதை எதோடு ஒப்பிடுறது? பதிவேட்டில் எழுதினேன். பொறுப்பில் இருந்தவர் "ஆய்வு நடக்கட்டும், தேதி போயிடும்" என்றார். நடந்தது. ஆய்வேட்டில் அந்த நாலு முயல் பற்றி ஒரு வரி இல்லை. பன்னிரண்டு உயிர் போனதும் அல்லாமல், அவற்றிடமிருந்து தெரிஞ்சுக்க இருந்த உண்மையும் போயிடுச்சு. இன்னொரு தரம் மேலே போய்ப் பேசியிருக்கணும் நான். அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

2025 ஜனவரி 8, மாலை 5.30

விலங்குக் கூடத்தின் காத்தே எலிக்கு சைனஸ் வரவைக்கும். இதைப் பாதிப் பேர் நம்ப மாட்டாங்க.

எங்களுக்குப் படுக்கைக்கு உமி. பக்கத்து அரிசி ஆலையிலிருந்து மூட்டையாக வரும். வாரம் ரெண்டு தரம் மாத்தணும். ஒரு பொங்கல் லீவில் ஒன்பது நாள் மாத்தாமல் போச்சு. எலி மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்க, அமோனியா சேர்ந்துக்கிட்டே போகும். அந்த அமோனியா மூக்குச் சவ்வை அரிக்கும். எலிகளில் மறைஞ்சிருக்கிற மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் தொற்றையும் தூண்டிவிடும்.

முதலில் கண்டுபிடிச்சது ஒழலப்பதிக்காரர், எங்க அட்டெண்டர், அறுபதை நெருங்கினவர். லீவு முடிஞ்ச காலையில் கதவைத் திறந்தவர் உள்ளே போகாமல் நின்னுட்டார். "அம்மணி, எனக்கே கண்ணு எரியுது. தரையோட மூக்கு வெச்சுப் படுத்திருக்கிற சீவனுக்கு எப்படி இருக்கும்?" என்றார். கூண்டுகளைத் தூக்கிப் பார்த்தோம். பல எலிகளுக்கு மூக்கைச் சுத்தியும் கண்ணோரமும் செம்பழுப்பாக ஒட்டியிருந்தது. ரத்தம்னு பதறினேன். ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வர்ற போர்ஃபிரின் நிறமி. எலி நோய்ப்பட்டாலோ மனசு நொந்தாலோ அது வழியும். ஈரப்பஞ்சால் துடைக்கத் துடைக்க, மறுநாள் திரும்ப வரும்.

அந்தத் தொகுதி எலிகளை ஒவ்வாமை ஆய்வுக்கு எடுக்கக் கூடாதுன்னு இந்தத் தரம் நானும் அவரும் சேர்ந்து நின்னோம். எடுக்கலை. நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் அட்டெண்டர் சொன்னதையே காரணமாக எழுதினாங்க. எனக்கு அது பெரிய நிறைவு.

2025 ஜனவரி 9, இரவு 9.40

அண்ணா மாத்திரையோட துண்டுச்சீட்டை அனுப்பியிருக்கார். நன்றி. படிச்சேன்.

நான் ஊகிச்ச மாதிரியேதான். "எலிப்பாத வீக்கம், கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் சாறு." மூக்கு, சைனஸ், தும்மல், எதுவும் இல்லை. மாத்திரைக்கு 250 மில்லிகிராம் சாறு, நாளைக்கு ரெண்டு. எலிக்குக் கொடுத்த அளவைப் பார்த்தால், 60 கிலோ உள்ள ஆளுக்கு 200 பெருக்கல் 60, அதாவது 12 கிராம். அரை கிராம் கொடுக்கிறாங்க. இருபத்துநாலில் ஒரு பங்கு.

2025 ஜனவரி 10, காலை 5.50

ராத்திரி படுத்த பிறகு தோணுச்சு, அந்தக் கணக்கு நியாயமில்லாத கணக்கு. எலியின் அளவை நேரடியாக எடையால் பெருக்கக் கூடாது. சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் எரிச்சுடும். உடல் பரப்பை வெச்சுத்தான் மாத்தணும்: வெள்ளெலி அளவை 6.2-ஆல் வகுத்தால் மனித அளவு, சுண்டெலி என்றால் 12.3, முயல் என்றால் 3.1. அப்படிப் பார்த்தால் 200-ஐ 6.2-ஆல் வகுக்க சுமார் 32. அறுபது கிலோவுக்கு 1,900 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. மாத்திரையில் வர்றது 500. நாலில் ஒரு பங்கு.

விற்கிறவர் மேல் அநியாயமாக ஒரு கணக்கைச் சுமத்த வேண்டாம்னுதான் திருத்தினேன். ஆனா முடிவு மாறலை. பாதத்தில் சோதிச்ச அளவே மாத்திரையில் இல்லை.

2025 ஜனவரி 10, இரவு 8.15

பாலக்காட்டு ஐயா கொஞ்சம் வருத்தமாக எழுதியிருக்கார், நான் நாட்டு மருந்தை மட்டம் தட்டுறேன்னு. இல்லைங்க ஐயா. என் அம்மா இன்னிக்கும் தலை குளிச்சதும் ராஸ்னாதிப் பொடியை உச்சியில் வெச்சுத் தேய்க்கிறவங்க. எங்க வேலியில் நொச்சி நிக்குது. நொச்சி இலைச் சாறு எலிப்பாத வீக்கத்தைக் குறைக்குதுன்னு பல ஆய்வு வந்திருக்கு, அது உண்மை. சித்தத்தில் நீர்க்கோவை மாத்திரையை அரைச்சு நெத்தியில் பத்துப் போடுறோம், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை அந்த அட்டையில் இருக்கிற வாசகத்தோட மட்டும். நொச்சியை நொச்சின்னு சொல்லி, நம்ம பாட்டி காலத்துப் பழக்கம்னு வித்தால் வாங்குறவங்களுக்கு என்ன வாங்குறோம்னு தெரியும். எலியின் காலைக் காட்டி உங்க அம்மா மூக்குக்கு நிரூபணம்னு சொல்றதுதான் எனக்குப் பொறுக்கலை. எலியின் உயிரை எடுத்துக்கிட்டு, அது சொல்லாததைச் சொன்னதாக எழுதுறாங்க.

2025 ஜனவரி 11, பிற்பகல் 3.00

இது கட்டாயம் படிங்க. ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் சேர்ந்து உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து மூணு மணிக்குள் மூக்கு அடைச்சு, கண் சிவந்து, இழுப்பு வரும். 1922-லேயே பிரான்சில் விடால் என்ற மருத்துவர் இதை விவரிச்சிருக்கார்.

இதை நான் புத்தகத்தில் படிச்சு மறந்திருந்தேன். கடை வெச்ச முதல் வருஷம், தென்னந்தோப்பில் கள் இறக்குற ஒருத்தர் நெத்தி வலின்னு வந்தார். மூக்கிலேயே பேசினார். டைக்ளோஃபெனாக் ஒண்ணு கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் அவர் மகன் பைக்கில் தூக்கிட்டு வந்தான், உதடு நீலம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிழைச்சுட்டார். இப்போ வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும் முதலில் "வீசிங் இருக்குதுங்களா, மூக்குல சதை இருக்குன்னு சொன்னாங்களா" என்று கேட்காமல் கை அலமாரிக்குப் போகாது.

எலிப்பாதத்தில் முதல் மார்க் வாங்குறது இண்டோமெதசின், டைக்ளோஃபெனாக் குடும்பம். அதே குடும்பம்தான் அந்த மனுஷனின் மூச்சை நிறுத்தப் பார்த்தது. சாதாரண ஆய்வக எலியில் இந்த எதிர்வினை வராது. பிஜிஇ2 என்ற புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியின் மரபணுவை நீக்கின சுண்டெலியில்தான் அது மாதிரி ஒண்ணைக் காட்ட முடிஞ்சது.

அண்ணா, அம்மாவுக்கு இழுப்பு உண்டா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

2025 ஜனவரி 11, இரவு 10.10

டைக்ளோஃபெனாக் பேர் வந்ததும் மாட்டுக்காரர் ஒருத்தர் கேட்டார், ஏன் இப்போ மாட்டுக்கு அந்த ஊசி போடுறதில்லைன்னு. பிணந்தின்னிக் கழுகுகளால்தான். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாக யூரிக் உப்பு படிஞ்சு செத்தன. 2004-ல் காரணம் தெரிஞ்சது, 2006-ல் இந்தியாவில் கால்நடைக்குத் தடை வந்தது. வயநாட்டுக் காட்டிலும் இந்தப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கிலும் மிச்சம் கொஞ்சம் பறக்குது. பதிலாக மெலாக்சிகாம் பரவலாச்சு, அதைக் கழுகிலேயே சோதிச்சுப் பார்த்த பிறகு.

மாட்டுக்கு ஒத்துக்கிட்டது, எலிக்கு ஒத்துக்கிட்டது, கழுகுக்கு எமன். ஒரு பிராணி இன்னொண்ணுக்கு எவ்வளவு தூரம் சாட்சி சொல்ல முடியும்னு நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுகுதான் ஞாபகம் வரும்.

2025 ஜனவரி 12, காலை 11.30

"இவ்வளவு தெரிஞ்சும் எப்படிம்மா எலியைக் கொன்னீங்க, பாவம் இல்லையா?" எருத்தேம்பதி அக்கா இந்தத் தரம் சிரிக்காமல் கேட்டிருக்காங்க.

பாவம்னு தோணாத நாள் இல்லைங்க அக்கா. எலியால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒண்ணுதான் வழி. மூக்கை அடைச்சால் அது நம்மை மாதிரி வாயைத் திறந்து சமாளிக்காது, தின்னாமல் ஒடுங்கிடும். அதனால் சைனஸ் ஆய்வில் எடை இவ்வளவு குறைஞ்சால் அந்த விலங்கை ஆய்விலிருந்து எடுத்து வேதனையை முடிக்கணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கணும். நான் எழுதின விண்ணப்பங்களில் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் எழுதியிருக்கேன்.

சட்டம் இருக்கு. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் ஒரு மத்தியக் குழு, சிபிசிஎஸ்இஏ என்று சொல்வோம், இப்போ சிசிஎஸ்இஏ. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்று சொல்லி அனுமதி வாங்கணும். 1959-ல் ரஸல், பர்ச் இருவரும் சொன்னது இன்னும் அடிப்படை: முடிந்தால் விலங்குக்கு மாற்றுத் தேடு, முடியலைன்னா எண்ணிக்கையைக் குறை, எதுவானாலும் வேதனையைக் குறை. அழகுசாதனப் பொருளுக்கு விலங்குச் சோதனை இந்தியாவில் 2014-ல் நின்னாச்சு. 2023 மார்ச்சில் புது மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத முறைகளுக்கும் வழி விட்டிருக்காங்க.

மூக்கைப் பொறுத்தவரை மாற்று உண்மையிலேயே கையில் இருக்கு. மூக்குச் சதை அறுவையில் வெட்டி எடுத்து வீசுற திசுவில் இருந்து செல்களை எடுத்து, கீழே ஊட்டநீர், மேலே காத்து என்று வளர்த்தால், நுண்மயிர் அசைகிற, சளி சுரக்கிற மனித மூக்குச் சவ்வே தட்டில் கிடைக்கும். மருந்தை அதில் வைக்கலாம். மனுஷ நோய், மனுஷ திசு. எலிக்கால் எதுக்கு?

2025 ஜனவரி 12, இரவு 9.20

காலையில் எழுதினதை மறுபடி படிச்சேன். கடைசிக் கேள்வி கொஞ்சம் அவசரம்.

தட்டில் இருக்கிற சவ்வுக்கு ரத்த ஓட்டம் இல்லை, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈஸினோஃபில் வந்து சேராது. மருந்து குடலில் எவ்வளவு ஏறும், ஈரல் என்ன செய்யும், அதெல்லாம் தெரியாது. மூக்குச் சதைக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச டூபிலுமாப் என்ற ஊசி மருந்தே மனித ஆன்டிபாடி மரபணு ஏற்றின சுண்டெலிகளின் உதவியால் உருவானது. ஐஎல்-4, ஐஎல்-13 என்ற, அழற்சியைத் தூண்டுற ரெண்டு சமிக்ஞைகளையும் ஒரே வாசலில் அடைக்குது. எத்தனையோ பேருக்கு அறுவையைத் தள்ளிப்போட்டு, மணத்தைத் திருப்பித் தந்திருக்கு. அந்தச் சுண்டெலிகளை வேண்டாம்னு என்னால் சொல்ல முடியாது.

ஆக எலியே கூடாதுன்னு நான் சொல்லலை. மூக்கு மருந்துக்கு மூக்கில் சோதிக்கணும், வியாதி வந்த பிறகு மருந்து கொடுத்துப் பார்க்கணும், எந்த எலிக்கு எந்த மருந்துன்னு தெரியாத ஆள் ஸ்லைடைப் பார்க்கணும், கூண்டு சுத்தமாக இருக்கணும். எலித்தலையை எலும்பு கரையிறதுக்காக இடிடிஏ திரவத்தில் வாரக்கணக்கில் ஊறவெச்சு, சீவி, சாயமேத்திப் பார்க்கிற வேலை அது. ஒரு நாளில் முடியாது. அதனால்தான் பலர் காலோடு நிறுத்திக்கிறாங்க.

2025 ஜனவரி 15, காலை 8.40

பொங்கல் முடிஞ்சு இப்போதான் பார்க்கிறேன். அண்ணா பதில் போட்டிருக்கார்: அம்மாவுக்கு ராத்திரியில் இழுப்பு உண்டு, பத்து வருஷமா.

அப்படின்னா ரெண்டு விஷயம். அந்த மாத்திரை வேண்டாம்; காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கட்டும். வலி மாத்திரை எதுவும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க.

மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தார் யாரோ. உப்புநீர் கழுவல் நல்லது, லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஆனா கொதிக்கவெச்சு ஆறின தண்ணி மட்டும். குளத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் அப்படியே மூக்கில் ஏத்தாதீங்க. 2024-ல் கேரளத்தில் அமீபிக் மஸ்திஷ்க ஜ்வரத்தில், அதாவது அமீபாவால் வர்ற மூளைக்காய்ச்சலில், குழந்தைகள் போனதை நாம பார்த்தோம். மூக்கு வழியாத்தான் அது ஏறுது.

2025 ஜனவரி 24, இரவு 9.00

அண்ணா கடைக்கே வந்திருந்தார். ரெண்டு பக்கமும் மூக்கில் சதை இருக்காம். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதியிருக்கார், மூணு மாசம் விடாமல் அடிச்சுட்டு வரச் சொல்லியிருக்கார். அம்மா ரெண்டு நாள் அடிச்சுப் பார்த்து "ஒண்ணும் கேக்கலை"ன்னு வெச்சுட்டாங்களாம்.

அதுக்கு ரெண்டு நாள் போதாதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க அண்ணா. மணம் திரும்ப வாரங்கள் ஆகும். நீங்க காட்டின மாதிரி அம்மா தலையை அண்ணாந்து அடிக்கிறாங்க, மருந்து தொண்டைக்குப் போயிடுது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனியணும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல், அந்தப் பக்கத்துக் கண்ணின் ஓரத்தைப் பார்க்கணும். அடிச்சதும் உறிஞ்ச வேண்டாம், மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். இல்லைன்னா நடுத்தண்டில் புண்ணாகி ரத்தம் வரும், பயந்து நிறுத்திடுவாங்க.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. காலி பாட்டில் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், தண்ணி ஊத்திக் கையோட கை பிடிச்சுக் காட்டித் தர்றேன்.